600 ரூபாய் மிச்சம்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். இங்கே எழுதுறதை ரொம்ப நாளா படிக்கிறவர். அவங்க அப்பா ஓட்டின 2006 மாடல் கார் வீட்டு வாசல்ல நிக்குதாம். விக்க மனசு வரலை. ஓட்டலாம்னு எடுத்தா ஒரே பிரேக் பேடுக்கு மூணு கடையில மூணு விலை சொல்றாங்களாம். "உங்ககிட்ட பழைய ஆம்னி இருக்கே, நீங்க எப்படி சார் சமாளிக்கிறீங்க? எந்த பாகத்தை எங்க வாங்குறீங்க?"ன்னு கேட்டார்.

போன்ல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதுவும் இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. அதனால இங்கேயே எழுதிடுறேன். நாலு பேருக்கு உதவும்.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடுறேன். 2004 மாடல் மாருதி ஆம்னி. 2011-ல் ஓசூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினேன். நகரத்துக்காரங்களுக்கு ஆம்னின்னா பழைய சினிமாவுல ஆள் கடத்துற வண்டி. எங்களுக்கு அது பாதி லாரி, பாதி ஆம்புலன்ஸ், பாதி கல்யாண வண்டி. பின் சீட்டைக் கழட்டிட்டா தக்காளி கிரேட் பதினஞ்சு ஏறும். ராயக்கோட்டை மண்டிக்கு விடியறதுக்குள்ள போய்ட்டு வந்து, அதே சீட்டை மாட்டிட்டா பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓசூர் போகலாம். கொத்தமல்லிக் கட்டு, ரோஜாப் பூ, உர மூட்டை, மாட்டுத் தீவனம், பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுப் பொண்ணு, எல்லாரையும் சுமந்த வண்டி.

1984-ல் 'மாருதி வேன்'னு வந்தது, அப்புறம் ஆம்னின்னு பேர் மாறி 2019 வரைக்கும் கம்பெனி தயாரிச்சுது. 796 சிசி, மூணு சிலிண்டர், மாருதி 800-க்கு இருக்குற அதே வகை என்ஜின். டிரைவர் சீட்டைத் தூக்கினா கீழேயே என்ஜின். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் வேலை செய்யத் தெரியும். பதினஞ்சு வருஷம் முடிஞ்சதும் 2019-ல் ஆர்சி புதுப்பிச்சேன். அது அஞ்சு வருஷத்துக்கு. 2024-ல் திரும்பவும் போனேன். 2022 ஏப்ரல்ல கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயா ஏறியிருந்துச்சு. முணுமுணுத்துக்கிட்டே கட்டினேன். இந்த 600 ரூபாய்ங்கிற கணக்கு என் வாழ்க்கையில இன்னொரு இடத்துலயும் வருது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2017 ஆடிப்பெருக்கு. காவிரியில குளிக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போறதா முடிவு. அந்த வழியில அஞ்செட்டிக்கு முன்னாடி மலை இறக்கம், கொண்டை ஊசி வளைவுங்க இருக்கு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மெக்கானிக் வண்டியைப் பாத்துட்டு, "முன்னாடி பிரேக் பேடு தேஞ்சு போச்சுண்ணா, மாத்திடுங்க"ன்னு சொல்லியிருந்தார். எங்க ஊர்ல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வாக்கியத்துல வரும். இவரும் அப்படித்தான். ஒரு கடையில விசாரிச்சேன். கம்பெனி பெட்டியில ஒரு விலை. அதே மாதிரி பெட்டி, அதே பேர், அதே கலர், ஆனா 600 ரூபாய் கம்மியா இன்னொண்ணு. "ரெண்டும் ஒண்ணுதாங்க, இது வேற வழியில வர்ற சரக்கு"ன்னார் கடைக்காரர். பில் வேணும்னா வரி சேரும், வேணாம்னா இதான் விலைன்னார்.

அந்த வருஷம் தக்காளி விலையில கையைச் சுட்டுக்கிட்டிருந்தேன். 600 ரூபாய்ங்கிறது ரெண்டு ஆள் கூலி. வாங்கிட்டேன். மெக்கானிக் பெட்டியைத் திறந்து பேடைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "பேடா அண்ணா, இது வேணாம். கனமே இல்லை"ன்னார். நான்தான், "ஒகேனக்கல் போய்ட்டு வந்து மாத்திக்கலாம், இப்ப மாட்டு"ன்னு சொன்னேன்.

வண்டியில ஏழு பேர். அம்மா, வீட்டுக்காரி, பொண்ணு, தங்கச்சி, அவ பசங்க ரெண்டு பேர், நான். இறக்கத்துல மூணாவது வளைவு வரும்போதே லேசா தீய்ஞ்ச வாசனை. கிளட்ச்சா இருக்கும்னு நினைச்சேன். அடுத்த வளைவுல முன் சக்கரத்துப் பக்கம் 'கர்ர்'னு இரும்பை இரும்பு தேய்க்கிற சத்தம். பிரேக்கை மிதிச்சா பெடல் வழக்கத்தைவிட ரொம்ப ஆழமாப் போகுது, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. முன்னாடி ஒரு பெரியவர் ஆட்டுமந்தையை ஓட்டிக்கிட்டு ரோட்டைக் கடக்குறார்.

செகண்ட் கியர் போட்டு, அப்புறம் ஃபர்ஸ்ட் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, இடது பக்கச் சக்கரத்தை மலையோர வாய்க்கால்ல இறக்கினேன். வண்டி கல்லுல உரசிக்கிட்டு நின்னுச்சு. ஆட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல ரெண்டு முழம் இருந்திருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. தங்கச்சி பையன் மட்டும் முன் சீட்டுல மோதி உதடு கிழிஞ்சு ரத்தம். அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டலை. ஆடுகளை ஒதுக்கிட்டு, எங்க தண்ணி பாட்டிலை வாங்கி அந்தப் பையன் வாயைக் கழுவிவிட்டார்.

நம்ம மெக்கானிக்தான் தேன்கனிக்கோட்டை வரைக்கும் பஸ்ஸுல வந்து, அங்கிருந்து யார்கிட்டயோ டிவிஎஸ் 50 வாங்கிக்கிட்டு வந்து சேர்ந்தார். சக்கரத்தைக் கழட்டிக் காட்டினார். பிரேக் பேடுன்னா ஒரு இரும்புத் தகடு, அது மேல ஒட்டின கருப்பு லைனிங். அந்த லைனிங்தான் டிஸ்க்கைப் பிடிச்சு நிறுத்தணும். எங்க வண்டியில தகடு இருந்துச்சு, லைனிங் முழுசா பேத்துக்கிட்டு எங்கேயோ விழுந்துடுச்சு. வெறும் தகடு டிஸ்க்கைச் சுரண்டியிருந்துது. "நான் சொன்னேன்ல"ன்னு அவர் சொல்லுவார்னு காத்திருந்தேன். சொல்லலை. அது இன்னும் உறுத்துச்சு.

அன்னிக்கு ஒகேனக்கல் போய்ச் சேரவே இல்லை. புளிய மரத்து நிழல்ல உக்காந்து கட்டுச்சோத்தைப் பிரிச்சோம். கடைக்காரன் இப்படி ஏமாத்திட்டானேன்னு நான் புலம்பிக்கிட்டே இருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, சத்தமில்லாம ஒண்ணு சொன்னாங்க.

"ஏன்டா, நீ மண்டிக்குக் கட்டுற கிரேட்ல மேல நல்ல காயா அடுக்கி அடியில சில்லறைக் காய போடுறியே, அதை வாங்கிட்டுப் போறவனும் இப்படித்தானே புலம்புவான்? அவனும் பெட்டிய பாத்துதான் வாங்குறான், நீயும் பெட்டிய பாத்துதான் வாங்குன."

சோறு இறங்கலை. படிக்கிற நீங்க நகரத்துல இருக்கீங்க. தக்காளி வாங்கி வீட்டுல கொட்டிப் பாத்துட்டு எங்களைத் திட்டியிருப்பீங்க. அந்தத் திட்டுல ஒரு பங்கு எனக்கும் உண்டு. அதை அப்புறம் சொல்றேன். முதல்ல பாகம் வாங்குற கதையை முடிச்சுடுறேன்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் எங்க தெருப் பையன் ஒருத்தன்கிட்ட உக்காந்து பேசினேன். ஓசூர் சிப்காட்டுல வண்டிக்குப் பாகம் செய்யிற ஒரு கம்பெனியில தரம் பாக்குற பிரிவுல வேலை. எங்க சுத்துப்பட்டுல வீட்டுக்கு ஒருத்தராவது அந்த மாதிரி கம்பெனி பஸ்ஸுல ஏறுறவங்கதான். 1980-ல் அசோக் லேலண்ட் ஓசூர் ஆலையும், டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்த பிறகு, அதுங்களைச் சுத்திச் சின்னதும் பெரிசுமா எத்தனையோ பாகக் கம்பெனிங்க முளைச்சுது. ராகி விளைஞ்ச மேட்டு நிலத்துல இப்ப போல்ட்டும் கியரும் விளையுது. அதுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு நான் போலி பேடு வாங்கியிருக்கேன்.

அவன் சொன்னதை என் பாஷையில சொல்றேன். கார் கம்பெனி காரோட எல்லா பாகத்தையும் தானே செய்யிறதில்லை. பிரேக் ஒருத்தர், லைட் ஒருத்தர், பேரிங் ஒருத்தர், ரப்பர் ஒருத்தர். தமிழ்நாட்டுல இந்தத் தொழில் பழசு. சென்னை செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லயே ஆரம்பிச்சாங்க. பாடியில லூகாஸ் டிவிஎஸ் 1961-லயும், பிரேக்ஸ் இந்தியா 1962-லயும் வந்துச்சு. சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990-கள்ல அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பினாங்க. பெங்களூர்ல மைக்கோ 1951-ல் தொடங்கினது, 2008-ல் பாஷ்னு பேர் மாறிச்சு. ஆனா எங்க ஊர்ல இன்னமும் ஸ்பார்க் பிளக்குக்குப் பேர் 'மைக்கோ பிளக்'தான்.

அதனால கடையில ஒரே பாகம் நாலு வகையா வரும்.

முதல் வகை, கார் கம்பெனி பெட்டியில வர்றது. ஜெனியூன் பார்ட்ஸ்னு சொல்றது இதைத்தான். ரெண்டாவது, அதைக் கார் கம்பெனிக்குச் செஞ்சு கொடுக்குறவரே தன் சொந்தப் பேர்ல, சொந்தப் பெட்டியில விக்கிறது. பல நேரம் பொருள் ஏறக்குறைய ஒண்ணுதான், விலை கொஞ்சம் கம்மி. மூணாவது, கார் கம்பெனிக்குக் கொடுக்காத, ஆனா தன் பேரையும் விலாசத்தையும் தைரியமாப் போட்டு விக்கிற மத்த கம்பெனிங்க. இதுல நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. நாலாவது, அடுத்தவன் பேரைத் திருடிப் போட்டுக்கிட்டு வர்றது. நான் வாங்கினது அது.

மூணாவது வகையும் நாலாவது வகையும் ஒண்ணு இல்லை. மலிவு வேற, போலி வேற. மலிவா விக்கிறவன், "என் சரக்கு இவ்வளவுதான்"னு தன் பேரைச் சொல்லி விக்கிறான். போலிக்காரன் பேரையே மறைக்கிறான். பேரை மறைக்கிறவன் உள்ளே எதையும் மறைப்பான்.

"ஒரு பேடுல அப்படி என்னடா இருக்கு, அச்சுல ஊத்தி எடுக்கிறதுதானே?"ன்னு கேட்டேன். சிரிச்சான். இரும்புத் தகட்டைச் சுத்தம் பண்ணி சொரசொரப்பாக்கணும், பசை தடவணும், லைனிங் கலவையைச் சூட்டோட அழுத்தி ஒட்டணும், அப்புறம் சூளையில வச்சுப் பதப்படுத்தணும். இதுல ஒண்ணைக் குறைச்சாலும் பாக்குறதுக்கு ஒண்ணும் தெரியாது. டவுனுக்குள்ள ஓட்டினாலும் தெரியாது. மலை இறங்கும்போது பிரேக் சூடேறினாத்தான் பேத்துக்கும். தன் கம்பெனியில ஒரு துளையை அளக்க ரெண்டு முனை இருக்குற கேஜ் வச்சிருப்பாங்களாம். ஒரு முனை உள்ளே போகணும், இன்னொரு முனை போகவே கூடாது. போனா அந்தப் பீஸ் கழிவு. "எங்க அப்பா நெல்லு தூத்துற மாதிரிதான் மாமா, பதர் தனியாப் போயிடணும்"னான்.

அதிலிருந்து நான் வச்சிருக்கிற கணக்கு இது. பாகங்களை மூணு கூடையாப் பிரிச்சிருக்கேன்.

முதல் கூடை: போச்சுன்னா உயிர் போற பாகங்கள். பிரேக் பேடு, பிரேக் ஷூ, மாஸ்டர் சிலிண்டர், பின் டிரம்முக்குள்ள இருக்குற வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் மூட்டுங்க, பால் ஜாயிண்ட், வீல் பேரிங், டயர். இதுல பேரமே கிடையாது. கார் கம்பெனி பெட்டி, இல்லைன்னா அவங்களுக்குச் செஞ்சு கொடுக்குறவர் பெட்டி. பழசு, ரீகண்டிஷன் எதுவும் இந்தக் கூடைக்குள்ள வராது. கையில காசு இல்லைன்னா வண்டி நிக்கட்டும். பஸ் இருக்கு.

ரெண்டாவது கூடை: போச்சுன்னா நடுரோட்டுல நிக்கவைக்கிற பாகங்கள். டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், பெட்ரோல் பம்ப், கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், பேட்டரி. நடுரோட்டுல நிக்கிறதுதானே, என்ன போச்சுன்னு நினைக்கலாம். நடுரோடு எந்த ஊர் நடுரோடுங்கிறது முக்கியம். ஒருமுறை உத்தனப்பள்ளி தாண்டி சானமாவு காட்டுப் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேன் பெல்ட் அறுந்துச்சு. ராகி அறுப்புக் காலம். கர்நாடகாவுலேருந்து யானைக் கூட்டம் இறங்கி வந்து அந்தக் காட்டுல தங்குற மாசம். என்ஜின் சூடு ஏறிக்கிட்டே போகுது, ஓட்டவும் முடியாது, இறங்கி நடக்கவும் முடியாது. கண்ணாடியை ஏத்திக்கிட்டு உள்ளேயே உக்காந்திருந்தேன். ஒரு பால் வண்டிக்காரர் கயிறு கட்டி இழுத்துட்டுப் போகுற வரைக்கும் ஒவ்வொரு கிளை முறியிற சத்தமும் நெஞ்சுல கேட்டுச்சு. அதிலிருந்து இந்தக் கூடைக்கு ரெண்டாவது வகை, இல்லைன்னா மூணாவது வகையில நல்ல பேர் எடுத்த கம்பெனி. ஒரு ஃபேன் பெல்ட் எப்பவும் சீட்டுக்கு அடியில இருக்கும்.

மூணாவது கூடை: போச்சுன்னா மானம் மட்டும் போற பாகங்கள். கதவு, கைப்பிடி, பம்பர், சீட், டேஷ்போர்டு, ஆம்னியோட தள்ளு கதவுக்கு இருக்குற உருளை. இதுக்கெல்லாம் புதுசு வாங்குறது என்னைப் பொறுத்தவரை வீண். நாங்க 'குஜரி'ன்னு சொல்றது பழைய வண்டி உடைக்கிற கடைங்களை. பெங்களூர் சிவாஜிநகர்ல இருக்கு. உங்க சென்னைக்குப் புதுப்பேட்டை. பாதி நாள் போனாப் போச்சு, உங்க வண்டிக் கலர்லயே கதவு கிடைச்சாலும் கிடைக்கும். ஆனா பழைய சாமான் கடையில மலிவா இருக்கேன்னு முதல் கூடைப் பொருளைத் தொட்டுடாதீங்க. அங்கே போறதுக்கு முன்னாடி வீட்டுலேயே ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுப் போயிடுங்க.

இனி கடையில பாக்க வேண்டியது.

ஒண்ணு, பார்ட் நம்பர். "ஆம்னிக்கு பேடு கொடுங்க"ன்னு கேக்காதீங்க. ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறியிருக்கும். ஆர்சி புக்கை போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. சேசிஸ் நம்பரைச் சொன்னா கம்பெனி பார்ட்ஸ் கவுண்டர்ல சரியான நம்பரைச் சொல்லிடுவாங்க. அந்த நம்பரை எழுதிக்கிட்டு அப்புறம் எந்தக் கடைக்கு வேணா போங்க, பெங்களூர் ஜேசி ரோடுக்கே போங்க. முதல்ல கம்பெனி கவுண்டர்ல ஒரு விலை கேட்டு வச்சுக்கிறது நல்லது. அதுல பாதி விலைக்கு அதே பெட்டி கிடைச்சா, சந்தோஷப்படாம சந்தேகப்படணும்.

ரெண்டு, பழைய பாகத்தைக் கையோட எடுத்துட்டுப் போங்க. புதுசைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. எடை, ஓரம், துளை, முத்திரை. நல்ல கம்பெனி பெட்டியில மட்டும் இல்லாம பொருள் மேலயும் பேரும் நம்பரும் குத்தியிருப்பாங்க. அச்சுல பிசிறு இருந்தா, எழுத்துல பிழை இருந்தா, பெயிண்ட் மட்டும் பளபளன்னு இருந்தா வச்சுட்டு வந்துடுங்க.

மூணு, தேதி. இதை நிறைய பேர் பாக்குறதில்லை. ரப்பர் சாமான் அசலாவே இருந்தாலும் ரொம்ப வருஷம் அலமாரியில கிடந்தா விறைச்சுப் போகும். பெட்டியில மாசம், வருஷம் போட்டிருக்கும். டயர்ல பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2324-ன்னா 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. பழைய வண்டிக்குச் சின்ன அளவு டயர் அதிகம் விக்காது, கடையில தூங்கும். அதனால கட்டாயம் பாருங்க. பிரேக் ஆயிலும் அப்படித்தான், காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும். மூடி திறந்து வச்ச மிச்சத்தை ஊத்த விடாதீங்க, சீல் உடைக்காத சின்ன டப்பாவா வாங்குங்க.

நாலு, பில். வரி மிச்சம்னு சொல்லி பில் இல்லாம கொடுக்குற பொருளுக்கு அப்பனும் கிடையாது, அம்மாவும் கிடையாது. 2025 செப்டம்பர் 22-லேருந்து வண்டிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆயிடுச்சு. முன்னாடி பல பாகங்களுக்கு 28 இருந்துச்சு. இப்ப அந்தச் சாக்கும் குறைஞ்சுபோச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, விதை வாங்கும்போது நான் இதையெல்லாம் ஒழுங்காச் செய்வேன். நீல அட்டை இருக்கா, லாட் நம்பர் என்ன, முளைப்புத் திறன் எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும் செல்லும், பில் எங்கே, எல்லாம் கேப்பேன். போலி விதை ஒரு பட்டத்தை அழிச்சுடும்னு தெரியும். வீட்டு ஆளுங்க ஏழு பேரை ஏத்துற வண்டிக்கு அந்தப் புத்தி வரலை.

அஞ்சாவது ஒண்ணு இருக்கு. இதை எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்லை, எங்க மெக்கானிக் சொல்லித்தான் புரிஞ்சுது. மெக்கானிக் கூலியில பேரம் பேசாதீங்க.

ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். "அண்ணா, வர்றவங்க எல்லாரும் கூலியைத்தான் அடிச்சுப் பேசுறாங்க. நாலு மணி நேர வேலைக்கு முந்நூறு ரூபாய்னா கூட யோசிக்கிறாங்க. ஆனா பாகம் என்ன விலை சொன்னாலும் கொடுத்துடுறாங்க. அப்ப என்ன ஆகும்? கூலியில போனதைப் பாகத்துல எடுக்கணும்னு தோணும். எந்த டப்பாவுல கமிஷன் ஜாஸ்தியோ அதை மாட்டணும்னு தோணும். எனக்கும் தோணியிருக்கு." தன்னைப் பத்தி அவ்வளவு நேராச் சொல்ற மனுஷனை நான் அதிகம் பாத்ததில்லை. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். பாகம் நான் வாங்கித் தருவேன், இல்லைன்னா அவர் வாங்கி பில்லோட கொடுப்பார். கூலி அவர் கேக்குறது. கழட்டின பழைய பாகத்தை என் கையில கொடுத்துடணும், அப்பத்தான் மாத்தினது உறுதி. செலவு கூடலை. கணக்கு மட்டும் இடம் மாறிச்சு.

சென்னை நண்பருக்கு நான் சொல்றதும் இதுதான். சார், அப்பா காரை வச்சுக்குங்க. ஆனா முதல் மாசம் பாட்டு சிஸ்டம், சீட் கவர், பாலிஷ் எதுக்கும் செலவு பண்ணாதீங்க. நாலு சக்கரத்தையும் கழட்டச் சொல்லிப் பக்கத்துலயே நில்லுங்க. பிரேக், ஹோஸ், பால் ஜாயிண்ட், டயர் தேதி. பின் டிரம் தேஞ்சிருந்தா லேத்துல கடையலாம்னு சொல்லுவாங்க. ஒரு அளவு வரைக்கும்தான் கடையலாம், பொதுவா டிரம்லயே அந்த அளவு போட்டிருக்கும். தாண்டியிருந்தா புதுசு போடுங்க. அப்புறம் பெல்ட்டுங்க. கடைசியா அழகு. ரொம்ப நாள் நின்ன வண்டி, அதனால ரப்பர் எதையும் நம்பாதீங்க. ஒண்ணு ஒண்ணாச் செய்யலாம், அவசரமில்லை. எல்லாத்தையும் கூட்டிப் பாத்து உங்களுக்குக் கட்டுப்படி ஆகலைன்னா வித்துடுங்க, தப்பே இல்லை. பாதி பிரேக்கோட வச்சிருக்கிறதுதான் தப்பு. அப்பா ஞாபகமா இருந்தாலும் அது ரோட்டுல போற வண்டி. எதிர்ல வர்றவனுக்கு அந்த ஞாபகம் இல்லை.

சரி, தக்காளிக்கு வர்றேன்.

அந்த ஆடி மாசத்துக்கு அப்புறம் கிரேட் அடுக்குறதை மாத்தினேன். அடியிலயும் மேல இருக்குற காய்தான். சின்னது, கீறல் விழுந்தது எல்லாம் தனி கிரேட்ல, தனி விலைக்கு. மண்டியில முதல்ல சிரிச்சாங்க. எல்லாரும் பழையபடியே கட்டும்போது நீ மட்டும் பிரிச்சா உனக்குத்தான் நஷ்டம்னாங்க. உண்மைதான். முதல் வருஷம் நஷ்டம்தான். நல்ல கிரேட்டுக்கு ஒரு ரூபாய்கூட யாரும் சேத்துக் கொடுக்கலை, சின்னக் காயை அடிமாட்டு விலைக்குக் கேட்டாங்க. வீட்டுல ரெண்டு தடவை சண்டைகூட வந்துச்சு. இப்ப ஒரே ஒரு வித்தியாசம். பெங்களூருக்கு எடுத்துட்டுப் போற வியாபாரி ஒருத்தர் என் கிரேட்டைக் கொட்டிப் பாக்குறதில்லை. அப்படியே ஏத்திக்கிறார். விலை எல்லாருக்கும் கொடுக்குற விலைதான். ஆனா சரக்கு குவிஞ்சு விலை விழுற நாள்ல, பல பேர் கிரேட்டைத் திருப்பி ஏத்திட்டுப் போவாங்க, இல்லை ரோட்டோரம் கொட்டுவாங்க. என்னுது எப்படியோ போயிடுது.

ஆம்னி இன்னும் ஓடுது. இருபது வருஷம் தாண்டிடுச்சு. கதவு சிவாஜிநகர் கதவு, கலர் கொஞ்சம் ஒத்துப்போகாது. பின் சீட்டு உறை அம்மா பழைய சேலையில தைச்சது. பிரேக் மட்டும் முழுக்க அசல். தங்கச்சி பையன் இப்ப காலேஜ் போறான், கீழ் உதட்டுல சின்னதா ஒரு தழும்பு இருக்கு. லீவுக்கு வந்தா வண்டிச் சாவியைக் கேப்பான். கொடுப்பேன். கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பெடலை மிதிச்சுப் பாத்துட்டுத்தான் கொடுப்பேன்.

அந்தப் பேத்துக்கிட்ட தகட்டை நான் தூக்கிப் போடலை. மாட்டுக் கொட்டாய் சுவத்துல ஆணியடிச்சு மாட்டி வச்சிருக்கேன். கிரேட் அடுக்குறது அந்தச் சுவத்துக்கு எதிர்லதான்.

கெலமங்கலம் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் இருக்கும். வரும்போது உங்க வண்டி டயர்ல இருக்குற அந்த நாலு எண்ணை ஒரு தடவை பாத்துட்டு வாங்க.